கொடைக்கானல் குடும்ப முகாமுக்குப் பையனைக் கூட்டிக்கொண்டு போகலாமா?

வைகைக்கரை (இழையைத் தொடங்கியவர்)

வணக்கம். மதுரையிலிருந்து எழுதுகிறேன். மகனுக்கு எட்டு வயது. பெருமூளை வாதம், கூடவே வலிப்பு. பிடிமானம் இல்லாமல் உட்கார மாட்டான். பேச்சு இல்லை, ஆனால் எல்லாம் புரியும். சிரித்தும் முறைத்தும் காரியத்தைச் சாதித்துக்கொள்வான். மூத்தவள் ஏழாம் வகுப்பு.

அவன் போகும் தெரபி மையத்தில், மே மாதம் கொடைக்கானலில் மூன்று நாள் குடும்ப முகாம் என்று சொல்லியிருக்கிறார்கள். பெருமாள்மலைப் பக்கம் ஒரு தங்குமிடம். அப்பா, அம்மா, கூடப் பிறந்தவர்கள் எல்லாரும் வரலாமாம். ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு தன்னார்வலர் பகல் முழுக்கக் கூட இருப்பாராம்.

வீட்டுக்காரர் "பார்க்கலாம்" என்று சொல்லிவிட்டு செல்போனைப் பார்க்கிறார். மாமியார், "பனிக்காத்து பட்டா புள்ளைக்கு ஃபிட்ஸ் வந்துரும், வேற வேலை இல்லையா உங்களுக்கு" என்கிறார். எனக்கு ஆசையும் இருக்கிறது, பயமும் இருக்கிறது. சொந்தக்காரர் கல்யாணத்துக்குக்கூட நாங்கள் நாலு பேரும் சேர்ந்து போவதில்லை. யாராவது ஒருவர் அவனோடு வீட்டில் தங்கிவிடுவோம்.

போய் வந்தவர்கள் சொல்லுங்கள். மலைப்பாதை, குளிர், கழிப்பறை, ராத்திரி நேரம் எல்லாம் எப்படி? அதைவிட முக்கியமாக, போனதால் என்ன கிடைத்தது?

சிறுமலை வாழை

எங்கள் பையனுக்கும் பெருமூளை வாதம்தான் அக்கா. பன்னிரண்டு வயது. திண்டுக்கல்லில் இருக்கிறோம். கொடைக்கானல் முகாமுக்கும் போயிருக்கிறோம், கோத்தகிரிக்கும் போயிருக்கிறோம். தைரியமாகப் போங்கள். ஆனால் பணம் கட்டும் முன் கொஞ்சம் நோண்டிக் கேளுங்கள்.

"வீல்சேர் போகுமா" என்று கேட்டால் "தாராளமா" என்றுதான் பதில் வரும். மலையில் பழைய கட்டடங்கள் பெரும்பாலும் சரிவில் படி வைத்துக் கட்டியவை. அறை மண்டபம் மாதிரி இருக்கும், குளியலறைக் கதவு மட்டும் இரண்டடி. பெரியவர்களுக்கான சாதாரண சக்கர நாற்காலியே 60 முதல் 65 சென்டிமீட்டர் அகலம் வரும், அந்தக் கதவில் நுழையாது. டேப் வைத்து அளந்து, போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லுங்கள். அப்படிக் கேட்டால் கோபித்துக்கொள்கிறார்களா, உடனே அனுப்புகிறார்களா என்பதிலேயே பாதி தெரிந்துவிடும்.

ராம்ப் இருக்கிறது என்றால் அதன் நீளத்தைக் கேளுங்கள். ஓர் அடி உயரத்துக்குப் பன்னிரண்டடி நீளம் என்பதுதான் கணக்கு. அரையடிப் படியில் மூன்றடிப் பலகையைச் சாய்த்துவிட்டு ராம்ப் என்பார்கள். பிள்ளையோடு நாற்காலியை அதில் ஏற்ற இரண்டு ஆம்பளை வேண்டும், இறக்க மூன்று பேர் வேண்டும். செங்குத்தான சரிவில் இறங்கும்போது நாற்காலியைத் திருப்பி, பின்பக்கமாகவே இறக்குங்கள். மழை பெய்த புல்தரையில் முன்சக்கரம் புதைந்துபோகும், அங்கேயும் நாற்காலியைத் திருப்பி இழுப்பதுதான் சுலபம்.

அப்புறம் டயப்பர் மாற்றும் இடம். எட்டு வயதுப் பையனை ஈரத் தரையிலா படுக்க வைப்பது? நாங்கள் ஒரு மடக்குக் கட்டிலும் ரப்பர் ஷீட்டும் எப்போதும் வண்டியில் வைத்திருப்போம். குளிப்பாட்ட, கை வைத்த பிளாஸ்டிக் நாற்காலி ஒன்று கேட்டு வாங்கி, மார்பில் துண்டைக் கட்டி உட்கார வைத்துவிடுவோம். பழைய டயப்பரை அங்கே குப்பைத் தொட்டியில் போடாமல் மூடி போட்ட வாளியில் கட்டிக் கீழே கொண்டுவந்துவிடுங்கள். அந்தக் குப்பையைக் காட்டுமாடும் குரங்கும் கிளறுவதை ஒருமுறை பார்த்தால் போதும்.

கிடைத்தது என்ன என்று கேட்டிருக்கிறீர்கள். ராத்திரி வந்து எழுதுகிறேன், இப்போது கடையில் ஆள் நிற்கிறது.

இயன்முறை

நான் பிசியோதெரபிஸ்ட். இப்படிப்பட்ட முகாம்களில் வேலை பார்த்திருக்கிறேன். உங்கள் மாமியார் சொல்வதில் பாதி சரி.

குளிர்காற்று பட்டதால் மட்டும் வலிப்பு வராது. ஆனால் தூக்கம் கெட்டால் வரும், காய்ச்சல் வந்தால் வரும், மருந்து ஒரு வேளை தவறினால் வரும். பயணத்தில் இந்த மூன்றுக்கும் வாய்ப்பு அதிகம். முக்கியமாக மருந்து. காலை டோஸ் கொடுத்துவிட்டு வண்டி ஏறுவீர்கள், வளைவில் பிள்ளை வாந்தி எடுத்துவிடும். உள்ளே எவ்வளவு போனது, திரும்பக் கொடுப்பதா வேண்டாமா என்று நடுவழியில் நின்று யோசிக்க முடியாது. கிளம்பும் முன்பே உங்கள் நரம்பியல் மருத்துவரிடம் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். வாந்தி மாத்திரையைக் கடையில் நீங்களாகக் கேட்டு வாங்க வேண்டாம், அவற்றில் சில வகை வலிப்பைத் தூண்டக்கூடியவை. மூக்கில் அடிக்கும் மிடசோலம் ஸ்பிரே எழுதிக் கொடுத்திருந்தால் அது சூட்கேஸில் இருக்கக் கூடாது, உங்கள் கைப்பையில் இருக்க வேண்டும். எத்தனை முறை அடிப்பது என்று தன்னார்வலருக்கும் தெரிந்திருக்க வேண்டும். வலிப்பு வந்தால் ஒருக்களித்துப் படுக்க வைத்து மணி பார்க்க வேண்டும், ஐந்து நிமிடம் தாண்டினால் ஸ்பிரே. வாயில் எதையும் திணிக்கக் கூடாது. முகாமில் யாராவது ஒரு பெரியவர் இரும்புச் சாவியோடு ஓடி வருவார், அவரை அன்பாக உட்கார வையுங்கள்.

குளிர் தசை இறுக்கத்தைக் கூட்டும், அது உண்மை. கொடைக்கானல் சுமார் 2,100 மீட்டர் உயரம். மதுரையில் மே மாத வெயிலில் இருந்துவிட்டு அங்கே ராத்திரி 12 டிகிரியில் படுத்தால் பிள்ளையின் கால் கத்தரி மாதிரி பின்னிக்கொள்ளும். ஒரே ஸ்வெட்டராகத் தடிமனாகப் போடாமல், மெல்லிய பருத்திச் சட்டைகளை அடுக்கிப் போடுங்கள். காலையில் வெந்நீரில் குளிப்பாட்டி, தசை தளர்ந்த பிறகு ஸ்பிளிண்ட் (கால் மடங்காமல் தாங்கிப் பிடிக்கும் பட்டை) மாட்டுங்கள். குளிரில் பாதம் மரத்திருந்தால் உரசுவது பிள்ளைக்குத் தெரியாது, அதனால் கழற்றும்போதெல்லாம் சிவந்திருக்கிறதா என்று பாருங்கள். வெந்நீர்ப் பையை நேராகத் தோலில் வைக்காதீர்கள். அறைக்குள் கரி அடுப்பு வேண்டவே வேண்டாம். மூடிய அறையில் அந்தப் புகை ஆளைக் கொன்றுவிடும்.

மலை ஏறும்போது காது அடைக்கும். பெரியவர்கள் எச்சில் விழுங்கிச் சமாளித்துவிடுவோம், பேசத் தெரியாத பிள்ளை ஏன் அழுகிறது என்று உங்களுக்குப் புரியாது. வளைவுகள் தொடங்கியதும் கொஞ்சம் கொஞ்சமாக எதையாவது விழுங்கக் கொடுத்துக்கொண்டே போங்கள், நிமிர்த்தி உட்கார வைத்து.

கேள்விக்குறி

எல்லாரும் எப்படிப் போவது என்றே எழுதுகிறீர்கள். எதற்குப் போவது என்று ஒருவர்கூடச் சொல்லவில்லை. மூன்று நாள் தெரபி போச்சு, பணம் போச்சு, வீடு திரும்பினால் பிள்ளைக்குச் சளி. அந்தப் பணத்துக்கு இரண்டு மாதம் ஸ்பீச் தெரபி கொடுக்கலாம். மலைக்குப் போனால் பிள்ளை நடந்துவிடுமா? வருத்தமாக இருந்தாலும் உண்மையைச் சொல்ல ஆள் வேண்டும்.

நூற்பாலை

கேள்விக்குறி சார், நடக்காது. நடக்கும் என்று எவராவது சொல்லி முகாமுக்குக் கூப்பிட்டால் அந்தப் பக்கமே போகாதீர்கள்.

நான் கோவை. மகனுக்கு ஆட்டிசம், பத்து வயது. போன வருஷம் கோத்தகிரியில் ஒரு முகாமுக்குப் போனோம். முதல் நாள் மதியம் சாப்பாட்டுக் கூடத்தில் சத்தம் தாங்காமல் இவன் மேசைக்கு அடியில் போய் உட்கார்ந்துகொண்டான். நான் வழக்கம்போல் கையில் தட்டோடு குனிந்து கெஞ்ச ஆரம்பித்தேன். கூட இருந்த பெண் சமூகப்பணி படிக்கிற மாணவி, இருபது வயது இருக்கும். அவள் தன் தட்டை எடுத்துக்கொண்டு தானும் மேசைக்கு அடியில் போய் உட்கார்ந்துவிட்டாள். அவனைப் பார்க்கக்கூட இல்லை. தன் பாட்டுக்குச் சப்பாத்தியைப் பிய்த்துத் தின்றுகொண்டிருந்தாள். கொஞ்ச நேரத்தில் இவன் கை அவள் தட்டுக்குப் போயிற்று. மேலே நான் என் சாப்பாட்டைச் சூடாகச் சாப்பிட்டேன் சார். எந்தக் கல்யாண வீட்டிலும் எனக்கு அது வாய்த்ததில்லை. கூடத்தில் யாரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை, ஏனென்றால் பக்கத்து மேசையில் ஒரு பையன் அதைவிடப் பெரிய ரகளையில் இருந்தான்.

இது தெரபி இல்லை. பிள்ளையை மாற்ற எவரும் முயலாத ஓர் இடத்தில் இரண்டு மூன்று நாள் இருந்தோம், அவ்வளவுதான். அது எவ்வளவு பெரிய விஷயம் என்பது நாள் முழுக்கக் கூட இருக்கிறவர்களுக்குத் தெரியும்.

வைகைக்கரை அக்கா, கதவு, ராம்ப் தவிர இன்னொன்றும் கேளுங்கள்: சமையலறையில் மிக்ஸி உண்டா? உங்கள் பையனுக்குக் குழைத்துக் கொடுக்க வேண்டியிருந்தால், எல்லாருக்கும் செய்யும் சாம்பார் சாதத்தையே அரைத்துக் கொடுத்துவிடலாம். நாங்கள் போன இடத்தில் சமையல்காரர் ஒவ்வொரு வேளையும் நாலு பிள்ளைகளுக்குத் தனித்தனியாக அரைத்து, கிண்ணத்தில் பெயர் எழுதி ஒட்டி வைத்தார். ஆட்டிசம் உள்ள பிள்ளைகளின் பெற்றோர் யாராவது படித்தால்: தண்ணீர் எங்கே இருக்கிறது என்று போன உடனே சுற்றிப் பாருங்கள். குளம், தொட்டி, கிணறு. நம் பிள்ளைகள் ஓடினால் முதலில் அங்கேதான் ஓடுவார்கள்.

அக்கா மட்டும்

இந்தக் களத்தில் வாசிப்பதோடு சரி, எழுதியதில்லை. எனக்கு இருபத்து நாலு வயது. தம்பிக்கு டவுன் சிண்ட்ரோம். சின்ன வயதில் எங்களை ஒரு முகாமுக்குக் கூட்டிப் போனார்கள். அதைச் சொல்ல வேண்டும் என்று தோன்றியது, ஏனென்றால் உங்கள் ஏழாம் வகுப்பு மகளைப் பற்றி இன்னும் யாரும் பேசவில்லை.

வீட்டில் எனக்கு "நல்ல பிள்ளை" வேலை. தம்பியைப் பள்ளியில் பிள்ளைகள் கிண்டல் செய்தால் வீட்டில் சொல்ல மாட்டேன், அம்மா ஏற்கெனவே அழுதுகொண்டிருப்பார் என்பதால். ஆண்டு விழாவுக்கு யாரும் வராவிட்டால் பரவாயில்லை என்பேன். அந்த முகாமில் கூடப் பிறந்தவர்களை மட்டும் தனியாக ஒரு மரத்தடிக்கு அழைத்துப் போனார்கள். விளையாட்டுதான், பெரிய கவுன்சலிங் எல்லாம் இல்லை. நடுவில் ஒரு அண்ணன், "வீட்ல உங்களுக்கு எரிச்சலா வர்ற விஷயம் ஒண்ணு சொல்லுங்க, யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்" என்றார். முதலில் எல்லாரும் கம்மென்று இருந்தார்கள். ஒரு சின்னப் பையன், "என் ரிமோட் காரை அக்கா கடிச்சுட்டா, அம்மா என்னையே திட்டினாங்க" என்றான். அவ்வளவுதான், கொட்டித் தீர்த்தோம். சிரித்துச் சிரித்து வயிறு வலித்தது. தம்பியைப் பற்றி நான் புகார் சொன்னது அதுதான் முதல் தடவை. சொன்னதால் அவன்மேல் பாசம் ஒன்றும் குறையவில்லை.

உங்கள் முகாமில் அக்கா தங்கைகளுக்கென்று தனி நேரம் உண்டா என்று கேளுங்கள். இல்லாவிட்டால் அவளையும் ஒரு தன்னார்வலராக்கித் தம்பியோடு சுற்றவிட்டுவிடுவார்கள், பொறுப்பான பெண் என்ற பாராட்டோடு.

இன்னொன்று. டவுன் சிண்ட்ரோம் உள்ள பிள்ளைகளில் ஏறக்குறைய பாதிப் பேருக்குப் பிறவியிலேயே இதயக் கோளாறு இருக்கும். நுரையீரல் ரத்த அழுத்தம் கூடியிருந்தால் இந்த உயரமே தொந்தரவு கொடுக்கலாம். இதய மருத்துவரைக் கேட்காமல் மலை ஏற்ற வேண்டாம். தம்பிக்குக் கேட்டுத்தான் போனோம்.

கேள்விக்குறி

நூற்பாலை மேடம், அக்கா மட்டும், இருவரும் எழுதியதைப் படித்தேன். சரி, நான் ஏன் அப்படி எழுதினேன் என்று சொல்லிவிடுகிறேன்.

நாங்களும் ஒன்றுக்குப் போனோம். எந்த ஊர், யார் நடத்தியது என்பது வேண்டாம். முதல் நாள் முழுக்கச் சொற்பொழிவு. எங்கள் பிள்ளைகள் கடவுள் கொடுத்த பரிசு என்று ஒருவர், பொறுமை என்றால் தாய்மை என்று ஒருவர். பிள்ளைகள் பின்னால் கத்திக்கொண்டிருக்கின்றன. கடைசி நாள் நன்கொடையாளர்கள் கார்களில் வந்தார்கள். காலை ஒன்பது மணியிலிருந்து பிள்ளைகளைக் குளிப்பாட்டி, ஒரே நிறச் சட்டை போட்டு, பேனருக்கு முன்னால் வரிசையாக உட்கார வைத்தார்கள். வந்தது பதினொன்றரைக்கு. சால்வை, கைதட்டல், ஆளுக்கு ஒரு பென்சில் பெட்டி. என் மகளுக்குக் கை விரல் மடங்கியே இருக்கும், பென்சில் பெட்டியைப் பிடிக்க வைத்துப் போட்டோ எடுக்க மூன்று பேர் பாடுபட்டார்கள். அந்தப் படம் பிறகு எங்கெங்கோ வந்தது. எங்கள் சொந்தக்காரர் ஒருவர் அனுப்பி, "பாவம், நம்ம பாப்பாதானே" என்று கேட்டார்.

அதற்குப் பிறகு முகாம் என்றாலே எனக்கு ஆகாது.

சிறுமலை வாழை

நீங்கள் கோபப்பட்டதில் தப்பே இல்லை சார். அதனால்தான் விண்ணப்பப் படிவத்திலேயே பேனாவால் எழுதிக் கொடுத்துவிடுவேன்: என் பையன் படம் வெளியே போகக் கூடாது, நிகழ்ச்சி நிரல் முன்கூட்டியே வேண்டும். நிரலில் "சிறப்பு விருந்தினர்" என்று இரண்டு இடத்துக்கு மேல் இருந்தால் நாங்கள் போவதில்லை.

நேற்று விட்ட கதை. எங்களுக்கு என்ன கிடைத்தது? எனக்குக் கிடைத்தது ராத்திரிப் பேச்சுதான். பிள்ளைகள் தூங்கிய பிறகு அப்பாக்கள் மட்டும் வெளியே திண்ணையில் உட்கார்ந்தோம். தொடக்கத்தில் கிரிக்கெட், அப்புறம் மெக்கானிக் ஷெட், வண்டி மைலேஜ். நடுராத்திரி நெருங்கும்போது ஒருவர், "எனக்கப்புறம் இவனை யார் பாத்துப்பா" என்றார். யாரும் சமாதானம் சொல்லவில்லை. ஒருவர் தேசிய அறக்கட்டளைச் சட்டப்படி பதினெட்டு வயதுக்கு மேல் சட்டப்படியான பாதுகாவலர் நியமிப்பது பற்றிச் சொன்னார், கலெக்டர் ஆபீஸ் கமிட்டிக்கு எப்படி மனுக் கொடுப்பது என்று. 1999-லிருந்து இருக்கிற சட்டம் அது. ஆட்டிசம், பெருமூளை வாதம், அறிவுசார் குறைபாடு, பன்முக ஊனம் நான்குக்கும் பொருந்தும். அதன் கீழே நிராமயா என்று ஒரு லட்ச ரூபாய் மருத்துவக் காப்பீடும் உண்டு என்பதும் அன்றைக்குத்தான் தெரியும். இத்தனை வருஷம் மருத்துவமனை வராந்தாவில் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்தும் நாங்கள் யாரும் இதைப் பேசிக்கொண்டதில்லை. அங்கே டோக்கன் நம்பர்தான் காதில் இருக்கும்.

என் மனைவியிடம் கேட்டால் வேறு பதில். நான் பையனுக்குச் சாப்பாடு ஊட்டியதுதான் அவளுக்கு அந்த முகாம். வீட்டில் "உங்களுக்கு ஊட்டத் தெரியாது, புரை ஏறிடும்" என்று விடமாட்டாள். அங்கே அம்மாக்களுக்குத் தனியாக ஏதோ நிகழ்ச்சி வைத்து, ஊட்டுவதை அப்பாக்களிடம் விட்டுவிட்டார்கள். பையன் தலையை எந்தக் கோணத்தில் பிடிப்பது, ஒரு கரண்டிக்கும் அடுத்த கரண்டிக்கும் எவ்வளவு நேரம் விடுவது என்று பிசியோ தம்பி பக்கத்தில் நின்று காட்டிக் கொடுத்தார். ஒரு கிண்ணம் சாதத்துக்கு முக்கால் மணி நேரம் ஆயிற்று. இவள் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்துக்கொண்டே இருந்தாள் என்று பிறகு சொன்னார்கள். இப்போது ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாடு என் பொறுப்பு.

நூற்பாலை

தன்னார்வலர்கள் பற்றி ஒன்று சேர்க்க வேண்டும். நல்ல பிள்ளைகள்தான், ஆனாலும் கேட்க வேண்டியதைக் கேட்டுவிடுங்கள். குளிப்பாட்டுவது, உடை மாற்றுவது பெற்றோர் மட்டுமா? பிள்ளையோடு தன்னார்வலர் மூடிய அறையில் தனியாக இருக்கக் கூடாது என்று விதி உண்டா? பேச முடியாத பிள்ளை வந்து நம்மிடம் எதையும் சொல்லப்போவதில்லை. இதைக் கேட்டதற்கு ஒரு முகாம் பொறுப்பாளர், "எங்களை நம்பலையா மேடம்" என்றார். இன்னொருவர் எழுதப்பட்ட விதிகளையே எடுத்துக் காட்டினார். நாங்கள் போனது இரண்டாவது ஆளிடம்.

பிரார்த்தனை பற்றியும் கேட்டுக்கொள்ளுங்கள். மலையில் நிறைய தங்குமிடங்கள் சபைகளுடையவை, காலை மாலை ஜெபம் இருக்கும். எங்கள் வீட்டில் அம்மனுக்குக் கூழ் ஊற்றுகிறவர்கள் நாங்கள். ஜெபத்துக்குப் போகாமல் தோட்டத்தில் உட்கார்ந்திருந்தோம், யாரும் ஒன்றும் சொல்லவில்லை. கட்டாயம் என்றால் முன்பே தெரிந்திருப்பது நல்லது.

மட்டுறுத்துநர்

அமைப்புகளின் பெயர், தொலைபேசி எண் கேட்டும் கொடுத்தும் வந்த மூன்று பதிவுகளை நீக்கியிருக்கிறேன். தனிச்செய்தியில் பேசிக்கொள்ளுங்கள். விவாதம் தொடரட்டும்.

பெருமாள்மலைக்காரன்

நான் இங்கே வாடகை வண்டி ஓட்டுகிறேன். இந்த மாதிரி முகாமுக்கு வருகிறவர்களை ஏற்றி இறக்கியிருக்கிறேன்.

மே மாதம் என்றால் கூட்டம் தெரியுமல்லவா? வெள்ளி அருவியிலிருந்து மூஞ்சிக்கல் வரை வண்டி மேல் வண்டி நிற்கும். உங்கள் இடம் பெருமாள்மலைப் பக்கம் என்பதால் அந்த நெரிசலுக்கு முன்பே திரும்பிவிடலாம், அது நல்ல விஷயம். ஆனால் ஊர் சுற்றிப் பார்க்க ஒரு நாள் வைத்திருந்தால் சனி, ஞாயிறு வேண்டாம் என்று சொல்லுங்கள். ஏரியைச் சுற்றிய ரோடு ஏறக்குறைய சமதளம், ஐந்து கிலோமீட்டர் வரும், சக்கர நாற்காலிக்கு இந்த ஊரிலேயே அதுதான் சௌகரியம். காலை ஏழு மணிக்குப் போய்விட வேண்டும். அதற்கு மேல் வாடகை சைக்கிளும் குதிரையும் சேர்ந்து நாற்காலியை ஓரத்துக்குத் தள்ளிவிடும். குணா குகை, பைன் காடு எல்லாம் வேர், படி, பள்ளம். தூக்கிக்கொண்டு போவதென்றால் போகலாம், பிள்ளைக்கு அதில் என்ன சந்தோஷம் என்று எனக்குத் தெரியவில்லை.

உடம்புக்கு முடியாவிட்டால் கொடைக்கானல் அரசு மருத்துவமனை இருக்கிறது. பெரிய சிகிச்சை என்றால் கீழே இறங்க வேண்டும், தேனி அல்லது திண்டுக்கல் அல்லது மதுரை. முகாமில் ராத்திரி முழுக்க ஒரு வண்டியும் டிரைவரும் நிற்பார்களா என்று கேளுங்கள். 108 வரும், ஆனால் மலையில் கையில் வண்டி இருப்பது வேறு.

என் மனதில் உள்ளதையும் சொல்லிவிடுகிறேன், தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். வருஷா வருஷம் கீழேயிருந்து பஸ் பஸ்ஸாக முகாமுக்கு வருகிறார்கள். இங்கே பூம்பாறையிலும் மன்னவனூரிலும் தாண்டிக்குடியிலும் இப்படிப் பிள்ளைகள் இல்லையா? பூண்டுக் காட்டு வேலைக்குப் போகிற அம்மா பிள்ளையை வீட்டில் படுக்க வைத்துவிட்டுப் போகிறாள். வட்டார வள மையத்திலிருந்து சிறப்பாசிரியர் வருவார், மக்களைத் தேடி மருத்துவத்தில் வீட்டுக்கே வந்து பயிற்சி கொடுப்பதும் உண்டு; மழைக்காலத்தில் பாதை போனால் யார் வர முடியும்? என் பெரியப்பா வீட்டுப் பையன் ஒருவன் இருக்கிறான், பதினாறு வயது. அவன் வீட்டுக்கு எதிர் மலையில்தான் உங்கள் முகாமில் பாட்டு போடுவார்கள். சத்தம் கேட்கும். யாரும் கூப்பிட்டதில்லை.

வைகைக்கரை

அண்ணா, இதை நாங்கள் யோசித்ததே இல்லை. மையத்தில் பேசிப் பார்க்கிறேன்.

இயன்முறை

பெருமாள்மலைக்காரன் சொல்வது நியாயம். தங்காமல் பகல் மட்டும் வந்து போகும்படி மூன்று நாலு உள்ளூர்க் குடும்பங்களைச் சேர்த்தால் செலவு அதிகம் ஆகாது. தெரபிஸ்டுகள் எப்படியும் அங்கே இருக்கிறோம். முகாம் முடிந்த மறுநாள் ஒரு நாள் கூடுதலாகத் தங்கி உள்ளூர்ப் பிள்ளைகளைப் பார்த்துவிட்டு இறங்கவும் முடியும். நான் வருகிறேன் என்று எழுதிக்கொள்ளுங்கள்.

தாம்பரம்

சென்னையிலிருந்து வருகிறவர்களுக்கு ஒரு தகவல். பாண்டியன் எக்ஸ்பிரஸ் கொடைரோட்டில் நிற்கும், அங்கிருந்து மலைக்குச் சுமார் 80 கிலோமீட்டர். துணை இல்லாமல் போக முடியாத பிள்ளைக்கும், கூடப் போகும் ஒருவருக்கும் ஸ்லீப்பரிலும் மூன்றடுக்கு ஏசியிலும் 75 சதவீதம் கட்டணச் சலுகை உண்டு. ரயில்வே கொடுக்கும் சலுகை அட்டை முன்பே வாங்கியிருக்க வேண்டும்.

குறிஞ்சி 2018-ல் பூத்தது, அடுத்தது 2030. அப்போது எல்லாரும் சேர்ந்து போவோம். கேள்விக்குறி சாரும் வர வேண்டும், பேனர் கிடையாது.

கேள்விக்குறி

2030-க்குப் பார்க்கலாம். வைகைக்கரை அம்மா, நிகழ்ச்சி நிரலை வாங்கி இங்கே போடுங்கள், நான் படித்துப் பார்த்துச் சொல்கிறேன். அந்த விஷயத்தில் எனக்கு இப்போது நல்ல பயிற்சி.

வைகைக்கரை

எல்லாருக்கும் நன்றி. கேட்டுவிட்டேன். கேள்விகளைத் தாளில் எழுதிக்கொண்டு போய் உட்கார்ந்ததும் அந்த மேடம் முதலில் கொஞ்சம் திகைத்தார். அப்புறம் விடுதிக்குப் போன் போட்டு அளக்கச் சொன்னார். குளியலறைக் கதவு 75 சென்டிமீட்டர், பையன் நாற்காலி 54, போகும். சாப்பாட்டுக் கூடத்துக்கு இரண்டு படி, ராம்ப் இல்லை. "மரப்பலகை போடலாமா" என்றார், பன்னிரண்டடிக் கணக்கைச் சொன்னேன், குறித்துக்கொண்டார். மிக்ஸி இருக்கிறது. ராத்திரிக்கு வண்டி நிற்கும். கூடப் பிறந்தவர்களுக்குத் தனி நேரம் இதுவரை இல்லையாம். யாராவது வந்து நடத்தினால் வைக்கலாம் என்றார். "அக்கா மட்டும்", உனக்குத் தனிச்செய்தி அனுப்பியிருக்கிறேன் பாப்பா, பார். உள்ளூர்க் குடும்பங்கள் விஷயத்தை நிர்வாகிகளிடம் எடுத்துச் சொல்கிறேன் என்றார், உறுதி கொடுக்கவில்லை. விடமாட்டேன். நிரலில் கடைசி நாள் விருந்தினர் ஒரே ஒருவர், அரை மணி நேரம். படம் கூடாது என்று எழுதிக் கொடுத்துவிட்டேன்.

வீட்டுக்காரரிடம் அப்பாக்கள் திண்ணைப் பேச்சைப் படித்துக் காட்டினேன். ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் ஆபீஸிலிருந்து போன் செய்து, லீவு கிடைத்துவிட்டது என்றார்.

இப்போது புதுச் சிக்கல். மாமியாரும் வருகிறேன் என்கிறார், பிள்ளையைக் குளிரில் நாங்கள் சரியாகப் பார்க்க மாட்டோமாம். இப்போதே இரண்டு மங்கி குல்லா வாங்கியாயிற்று. பாட்டியைக் கூட்டிப் போனால் சரிப்படுமா?

சிறுமலை வாழை

தாராளமாகக் கூட்டி வாருங்கள், ஆனால் முன்பே சொல்லி அறையில் கட்டில் கேட்டு வையுங்கள். எங்கள் முகாமுக்கு வந்த பாட்டிமார் இரண்டாம் நாளே ஒரு கூட்டணி போட்டுவிட்டார்கள். யார் மருமகள் பிள்ளைக்கு ஒழுங்காகச் சாப்பாடு கொடுப்பதில்லை என்பதில் தொடங்கிய பேச்சு, கடைசியில் எண்ணெய் தேய்க்கும் முறைக்கு வந்து நின்றது. பிசியோ தம்பிதான் பாவம், நடுவில் மாட்டிக்கொண்டார்.

இயன்முறை

அது நான்தான்.

பெருமாள்மலைக்காரன்

அம்மா, சொந்த வண்டி, வாடகை வண்டி எதில் வந்தாலும் இ-பாஸ் எடுத்துவிடுங்கள், 2024 மே மாதத்திலிருந்து கேட்கிறார்கள். சீசனில் ஒரு நாளைக்கு இத்தனை வண்டி என்று வரம்பும் வைத்திருக்கிறார்கள், கடைசி நேரத்தில் தேடாதீர்கள். மதுரையில் விடியற்காலையே கிளம்புங்கள். வத்தலகுண்டில் பிள்ளைக்குக் கொஞ்சமாகக் கொடுத்தால் போதும், வயிறு நிறைய இட்லி வேண்டாம். காமக்காபட்டி செக்போஸ்ட் தாண்டினால் வளைவு ஆரம்பம். டம்டம் பாறையில் கட்டாயம் நிறுத்தி அவனை வெளியே எடுத்துக் கால் மணி நேரம் படுக்க வையுங்கள், ஊத்து என்கிற ஊரில் இன்னொரு தரம். பாட்டியை முன் சீட்டில் உட்கார வைத்துவிடுங்கள், பின்னால் உட்கார்ந்தால் பையனுக்கு முன்னால் அவர் வாந்தி எடுப்பார்.